ஹீட் பம்ப் ஹீட்டரில் தண்ணீர் சூடாகவில்லை, கேஸ் போய்விட்டது என்கிறார்கள், நம்பலாமா?

பள்ளத்தூர்_வளவு:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு பள்ளத்தூரில் இருக்கிறது, பழைய மூன்று கட்டு வீடு. அப்பச்சியும் ஆத்தாவும் மட்டும்தான் அங்கே இருக்கிறார்கள், நான் சென்னையில் வேலை பார்க்கிறேன், மாதம் ஒரு முறை போய் வருவேன். மூன்று வருடம் முன்பு 200 லிட்டர் ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர் ஒன்று வாங்கி வைத்தோம். அப்பச்சிக்கு முழங்கால் வலி, காலையும் மாலையும் வெந்நீர் இல்லாமல் முடியாது. அதோடு விசேஷம் என்று பங்காளிகள் வந்து தங்கினால் பதினைந்து பேர் வரிசையாகக் குளிப்பார்கள், அதற்குச் சின்ன கீசர் தாங்காது என்றுதான் இதை எடுத்தது.

முதல் இரண்டு வருடம் ஒரு குறையும் சொல்ல முடியாது. இப்போது ஆறேழு மாதமாகத் தொல்லை. காலையில் இரண்டு வாளி சூடாக வருகிறது, மூன்றாவது வாளி வெதுவெதுப்பு, அதற்குப் பிறகு பச்சைத் தண்ணீர்தான். மெஷின் மட்டும் ராத்திரி முழுக்க ஓடிக்கொண்டே இருக்கிறது என்று ஆத்தா சொல்கிறார்கள். இரண்டு மாதக் கரண்ட் கணக்கு முன்பு 310 யூனிட் வரும், போன முறை 560. அப்புறம் மெஷினுக்கு அடியில் எப்போதும் ஈரம், புதிதாகப் போட்ட ஆத்தங்குடிக் கல் அந்த இடத்தில் கறுத்துவிட்டது.

வாங்கிய கடை மூலமாக ஒரு சர்வீஸ் ஆள் வந்தார். காற்று வரும் இடத்தில் கையை வைத்துப் பார்த்தார், மூடியைக் கூடத் திறக்கவில்லை, கேஸ் போய்விட்டது, நிரப்ப 9,500 ரூபாய், அதிலும் சரியாகவில்லை என்றால் கம்ப்ரஸர் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்பச்சி பணத்தை எடுத்து வைத்துவிட்டார். நான்தான் இரண்டு நாள் பொறுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குளிர்_மெக்கானிக்_காரைக்குடி:

தம்பி, பணத்தைக் கொடுக்க வேண்டாம் என்று அப்பச்சியிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். நான் 22 வருடமாக ஃப்ரிட்ஜ், ஏசி வேலை பார்க்கிறேன், கடந்த நாலைந்து வருடமாக இந்த ஹீட் பம்பும் கைக்கு வருகிறது. கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீருகிற பொருள் கிடையாது. கம்பெனியிலேயே அடைத்து வெல்டு வைத்து அனுப்புகிறார்கள், எங்காவது ஓட்டை விழுந்தால் மட்டும்தான் குறையும். ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்காமல் கேஸ் ஏற்றினால் அது மறுபடியும் போகும், நீங்கள் மறுபடியும் 9,500 கொடுப்பீர்கள்.

இன்னொன்று, நீங்களே ஒரு சாட்சியைச் சொல்லியிருக்கிறீர்கள். அடியில் ஈரம் என்கிறீர்கள் இல்லையா? இந்த மெஷின் சுற்றியிருக்கும் காற்றில் உள்ள சூட்டை உறிஞ்சி அதைத் தொட்டிக்குள் இருக்கும் தண்ணீருக்குக் கொடுக்கிறது, ஃப்ரிட்ஜ் செய்கிற அதே வேலைதான், சூடு போகிற இடம் மட்டும் வேறு. சூட்டை இழந்த காற்று குளிரும்போது அதிலுள்ள ஈரம் ஃபின் என்ற மெல்லிய உலோகத் தகடுகள் மேல் வியர்த்துச் சொட்டும், செம்பில் ஐஸ் தண்ணீர் வைத்தால் வெளியே வியர்க்கிற மாதிரி. கேஸ் சுத்தமாகப் போயிருந்தால் ஃபின் குளிராது, ஃபின் குளிராவிட்டால் வியர்க்காது. ஆக அந்த ஈரம் வியர்வைத் தண்ணீர் என்றால் கேஸ் உள்ளேதான் இருக்கிறது. தொட்டி ஒழுகுகிற தண்ணீர் என்றால் அது வேறு விஷயம். எப்படித் தெரியும் என்றால், மெஷினை ஒரு நாள் நிறுத்தி வையுங்கள், வியர்வை என்றால் நின்றுவிடும், தொட்டி ஒழுகல் என்றால் நிற்காது. காய்ந்த இடத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தாலும் தொட்டித் தண்ணீர் என்று சந்தேகப்படலாம், வியர்வையில் உப்பு இருக்காது.

எனக்கு நாலு விவரம் வேண்டும். மெஷின் எங்கே நிற்கிறது, எவ்வளவு பெரிய அறை? ஃபில்டர் கடைசியாக எப்போது கழுவினீர்கள்? மெஷினின் டிஸ்ப்ளேயில் எந்த மோடு காட்டுகிறது? பக்கத்தில் சமையல், விறகடுப்பு ஏதாவது உண்டா?

நாலுக்கும் பதில் வரும் வரை யாரையும் ஸ்பேனரோடு பக்கத்தில் விடாதீர்கள். உள்ளே ஆர்290 என்று போட்டிருந்தால் அது புரோப்பேன், தீப்பிடிக்கிற கேஸ், தெரியாத ஆள் வெல்டிங் டார்ச்சை எடுத்துக்கொண்டு போகவே கூடாது. பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தகட்டில் எந்த கேஸ், எத்தனை கிராம் என்று எழுதியிருக்கும், அதையும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

தேவகோட்டை_ஆச்சி:

தம்பி, மெஷினைத் திறப்பதற்கு முன்னால் குளியலறையைப் பாருங்கள். நாங்கள் இரண்டு மாதம் அலைந்த கதை இது. மூன்று பேர் வந்து பார்த்தார்கள், ஒருவர் தெர்மோஸ்டாட் என்றார், ஒருவர் எலிமென்ட் என்றார், எலிமென்ட்டை மாற்றியும் ஆயிற்று, தண்ணீர் வெதுவெதுப்பாகவே வந்தது. கடைசியில் எங்கள் ஊர்க் குழாய்க்காரர் ஒருவர்தான் கண்டுபிடித்தார். மாடிக் குளியலறையில் வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து விடும் சுவர் மிக்ஸரில் கை ஷவர் ஒன்று மாட்டியிருந்தோம். பேரப்பிள்ளைகள் குளித்துவிட்டு ஷவரின் கைப்பிடியில் மட்டும் தண்ணீரை நிறுத்திவிட்டு, சுவரில் இருக்கும் சூடு, பச்சை இரண்டு திருகையும் திறந்தபடியே விட்டுவிடுவார்கள். வெளியே ஒரு சொட்டு விழாது. ஆனால் உள்ளே இரண்டு குழாயும் சேர்ந்துவிடுகிறது இல்லையா, பச்சைத் தண்ணீர் அந்த வழியாகப் புகுந்து வெந்நீர்க் குழாயில் ஓடி, கீழே எந்த வெந்நீர்க் குழாயைத் திறந்தாலும் கலந்தே வரும். தொட்டியில் வெந்நீர் இருந்தும் கைக்கு வந்து சேரவில்லை.

சோதிப்பது சுலபம். ஹீட்டருக்குள் பச்சைத் தண்ணீர் போகும் வால்வை மூடுங்கள். பிறகு வீட்டில் ஒரு வெந்நீர்க் குழாயை மட்டும் திறந்து வையுங்கள். ஹீட்டருக்குத் தண்ணீர் போகாததால் கொஞ்ச நேரத்தில் நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் எங்கோ கலக்கிறது என்று அர்த்தம். எல்லா மிக்ஸரையும் ஒவ்வொன்றாக மூடிப் பாருங்கள். பார்த்து முடித்ததும் வால்வைத் திறக்க மறக்காதீர்கள்.

பெரியவர்கள் இருக்கும் வீடு, காலையில் பச்சைத் தண்ணீரில் குளிக்க வைக்காதீர்கள். அது வரைக்கும் அண்டாவில் விறகு போட்டாவது காய்ச்சிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

பள்ளத்தூர்_வளவு:

அண்ணே, ஆச்சி, இருவருக்கும் நன்றி. பக்கத்து வீட்டுத் தம்பியை அனுப்பி வீடியோ காலில் பார்த்தேன்.

ஆச்சி சொன்ன சோதனையைச் செய்தோம், குழாய் இரண்டு நிமிடத்தில் நின்றுவிட்டது, அதனால் கலப்பு இல்லை என்று நினைக்கிறேன். மெஷினை ஒரு நாள் நிறுத்தியதும் ஈரமும் நின்றுவிட்டது, வெள்ளைப் பூப்பு எதுவும் இல்லை.

அண்ணே கேட்ட விவரங்கள். முன்பு மெஷின் பின்கட்டில் கிணற்றுப் பக்கம் திறந்த தாழ்வாரத்தில் நின்றது. போன வருடம் வீட்டை மராமத்துப் பார்த்தோம், பழைய சுண்ணாம்புப் பூச்சைத் தேய்த்து மெருகேற்றினோம், பின்கட்டுக்குப் புதுக் கல் போட்டோம். அப்போது இந்த மெஷின் வெளியே நிற்பது கண்ணை உறுத்துகிறது என்று பக்கத்தில் இருந்த சாமான் அறைக்குள் தள்ளிவிட்டோம். அறை 6 அடிக்கு 7 அடி, உயரம் 12 அடி இருக்கும். சன்னல் கிடையாது, மேலே ஒரு சின்னச் சாளரம், அதிலும் எலி வருகிறது என்று பலகை அடித்திருக்கிறது. கதவு தேக்கு, எப்போதும் சாத்தித்தான் இருக்கும். ஃபில்டர் கழுவ வேண்டும் என்பதே எங்களுக்குத் தெரியாது. மோடு ஹைப்ரிட் என்று காட்டுகிறது.

சமையல் பற்றிக் கேட்டீர்களே, அந்த அறைக்கு எதிரேதான் ஆத்தா பலகாரம் போடுவார்கள். தீபாவளிக்கும் கல்யாணங்களுக்கும் தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை என்று நாள் கணக்கில் எண்ணெய்ச் சட்டி இறங்காது.

ஒரு விஷயம், அந்த அறைக் கதவைத் திறந்தபோது உள்ளே ஏசி போட்ட மாதிரி இருந்ததாகத் தம்பி சொன்னான். தெர்மாமீட்டரில் வெளியே 31 டிகிரி, உள்ளே 19.

குளிர்_மெக்கானிக்_காரைக்குடி:

அந்த 19 டிகிரியிலேயே உங்கள் வியாதி தெரிந்துவிட்டது. கேஸ் இருக்கிறது, கம்ப்ரஸரும் நன்றாக வேலை செய்கிறது. ஜன்னல் இல்லாத அறையை 12 டிகிரி குளிர்த்திருக்கிறது என்றால் அது செத்த மெஷின் இல்லை.

கணக்கைப் பாருங்கள். 6க்கு 7க்கு 12 என்றால் சுமார் 500 கன அடி. இந்த மாதிரி மெஷினுக்கு 700 முதல் 1,000 கன அடியாவது காற்று வேண்டும் என்று பொதுவாகக் கம்பெனிப் புத்தகத்திலேயே போட்டிருப்பார்கள், அதுவும் காற்று வந்து போக வழி இருக்க வேண்டும். உங்கள் அறையில் இருக்கும் காற்று மொத்தமும் சேர்த்து 17 கிலோதான் எடை. அதிலிருந்து எவ்வளவு சூட்டை எடுக்க முடியும்? சில நிமிடத்தில் குளிர்ந்துவிடும். அப்புறம் தான் ஊதிய குளிர்க் காற்றையே தான் மறுபடியும் இழுத்துக்கொண்டு கிடக்கும். நம் பழைய வீட்டுச் சுவர் கனம் வேறு, வெளிச் சூடு உள்ளே வரவே நேரமாகும். வெயில் காலத்தில் வீட்டுக்குள் குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்று நம் முன்னோர் கட்டிய சுவர், இந்த மெஷினுக்கு மட்டும் எதிரி.

அதோடு ஃபில்டர். சுண்ணாம்புத் தூசியும் எண்ணெய்ப் புகையும் சேர்ந்தால் ஃபில்டரில் களிம்பு மாதிரி ஒட்டிவிடும், அதைத் தாண்டி ஃபின்னிலும் போய்ப் படிந்திருக்கும். காற்றும் குளிர், வரும் அளவும் குறைவு. ஹைப்ரிட் மோடு என்ன செய்யும் என்றால், ஹீட் பம்ப் குறித்த நேரத்துக்குள் சூடு ஏற்றவில்லை என்றால் உள்ளே இருக்கும் எலிமென்ட்டையும் போட்டுவிடும். இப்போது உங்கள் வீட்டில் ஓடுவது பெரும்பாலும் ஒரு சாதாரண கீசர், அதனால்தான் பில் ஏறியது. எலிமென்ட் தொட்டியின் மேல் பாதியில் இருக்கும் மாடல் என்றால் மேல் தண்ணீர் மட்டும் சுடும், கீழ்த் தண்ணீர் அப்படியே கிடக்கும். இரண்டு வாளியோடு சூடு தீர்ந்துபோவதும் அதனால்தான்.

இதை நீங்களே உறுதி செய்யலாம். ஈபி மீட்டரில் சிவப்பு விளக்கு ஒன்று மின்னும், பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்று எழுதியிருக்கும், நிறைய மீட்டரில் 3,200. வீட்டில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஹீட்டரை மட்டும் ஓட விட்டு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 3,200 மீட்டரில் ஹீட் பம்ப் மட்டும் ஓடினால் 30, 35 மின்னும், அதாவது 600 வாட்டுக்குக் கிட்டத்தட்ட. எலிமென்ட்டும் சேர்ந்து ஓடினால் நூறைத் தாண்டும்.

இப்போது சுத்தம் செய்யும் முறை. கரண்ட்டை முழுதாக வெட்டும் எம்.சி.பி.யை இறக்குங்கள், ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது. ஃபில்டரைக் கழற்றிப் பாத்திரம் கழுவும் திரவம் போட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் ஊற வைத்துக் கழுவி நிழலில் காய வையுங்கள். ஃபின்னுக்கு மெல்லிய பெயின்ட் பிரஷ் போதும், ஃபின் ஓடும் திசையிலேயே மேலிருந்து கீழாக இழுக்க வேண்டும், குறுக்கே இழுத்தால் மடங்கிப்போகும். அதே சோப்புத் தண்ணீரைக் கைத் தெளிப்பானில் லேசாகத் தெளித்து, ஊறவிட்டு, நல்ல தண்ணீரில் கழுவுங்கள். எலெக்ட்ரானிக் போர்டு இருக்கும் பக்கத்தைப் பிளாஸ்டிக் தாளால் மூடிவிட வேண்டும். கம்பி பிரஷ், கார் கழுவும் பிரஷர் கன், ஆசிட், சோடா எதுவும் வேண்டாம், ஃபின் அலுமினியம், சோடாவே அதைத் தின்றுவிடும். எண்ணெய்ப் பிசுக்கு ஒரே தடவையில் போகாது, இரண்டு மூன்று முறை செய்ய வேண்டும், அவசரப்பட்டுத் தேய்க்காதீர்கள்.

வியர்வைத் தண்ணீர் வெளியே போகச் சின்ன ட்யூப் ஒன்று இருக்கும். கல் போட்டபோது அது மடங்கியிருக்கும், அல்லது தரை உயர்ந்து ட்யூப் மேல்நோக்கி நிற்கும். அது வழி நெடுகச் சரிவாகவே இறங்க வேண்டும். ஆத்தங்குடிக் கல் சிமென்ட்டில் செய்வது, நாள் கணக்கில் ஈரம் நின்றால் நிறம் போய்விடும், அதனால் ட்யூபைச் சாக்கடை வரைக்கும் நீட்டிவிடுங்கள்.

முக்கியமாக மெஷினை அந்த அறையை விட்டு வெளியே எடுங்கள். தேக்குக் கதவை அறுத்துச் சல்லடை போடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வெளியே எடுக்க முடியாது என்றால் அந்தச் சாளரத்துப் பலகையை எடுத்துவிட்டு எலி வராமல் கம்பி வலை அடித்து, குளிர்க் காற்றை ட்யூப் வைத்து அதன் வழியாக வெளியே விடலாம். ஆனால் வெளியே போகிற அளவு காற்று உள்ளே வரவும் ஒரு வழி வேண்டும்.

சிக்ரி_ஓய்வு:

தம்பி, மெக்கானிக் தம்பி சொன்னது எல்லாம் சரி, நான் தொட்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதை யாரும் பார்ப்பதில்லை. உலோக அரிப்புத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953-இல் திறக்கப்பட்ட சிக்ரி என்ற மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில் இருக்கிறது. இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது, எப்படித் தடுப்பது என்று இத்தனை வருடம் ஆராய்ந்த ஊரைச் சுற்றியுள்ள வீடுகளில் ஆனோடு ராடு என்ற பெயரையே கேள்விப்படாமல் தொட்டிகள் ஓட்டை விழுவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுக்கவில்லை.

உங்கள் தொட்டி எஃகு, உள்ளே கண்ணாடி மாதிரி எனாமல் பூச்சு. எவ்வளவு நல்ல பூச்சானாலும் ஊசி முனை அளவு விடுபட்ட இடங்கள் இருக்கும், அங்கே தண்ணீர் எஃகைத் தொடும். அதற்காகத்தான் தொட்டிக்குள் ஒரு மக்னீசியக் கம்பியைத் தொங்க விடுகிறார்கள், அதுதான் ஆனோடு ராடு. மக்னீசியம் எஃகை விட எளிதில் கரையும் உலோகம். இரண்டும் ஒரே தண்ணீரில் மின் தொடர்போடு இருந்தால் மக்னீசியம் தன்னைக் கரைத்துக்கொண்டு எஃகுக்கு எலெக்ட்ரான் கொடுத்துக் காப்பாற்றும். கப்பலின் அடியில் துத்தநாகக் கட்டி வைப்பதும் இதே கொள்கைதான். கம்பி தீர்ந்த நாளிலிருந்து தொட்டி தன்னையே தின்ன ஆரம்பிக்கும். கம்ப்ரஸரை மாற்றலாம், போர்டை மாற்றலாம், தொட்டி ஓட்டை விழுந்தால் மெஷினே போயிற்று.

போர் தண்ணீரில் உப்பு அதிகம், உப்பு அதிகமானால் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், கம்பி வேகமாகக் கரையும். மூன்று வருடம் திறக்கவில்லை என்றால் இப்போதே பாருங்கள். எம்.சி.பி.யை இறக்கி, உள்ளே வரும் வால்வை மூடி, ஒரு வெந்நீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை விட்டுவிட்டு, கீழ் வால்வு வழியாகப் பத்து லிட்டர் இறக்கிவிட்டுக் கம்பியைக் கழற்ற வேண்டும். நடுவில் இருக்கும் எஃகுக் கம்பி வெளியே தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான். சில சமயம் நன்றாக இறுகியிருக்கும், தொட்டியை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். கம்பியை முழுதாக வெளியே இழுக்க மேலே இடமும் வேண்டும், மெஷினைப் புது இடத்தில் வைக்கும்போது இதை யோசித்து வையுங்கள். மறுபடியும் போடும்போது தொட்டி முழுதாக நிரம்பி வெந்நீர்க் குழாயில் காற்று இல்லாமல் தண்ணீர் சீராக வந்த பிறகுதான் கரண்ட் போட வேண்டும், இல்லாவிட்டால் எலிமென்ட் கருகிவிடும்.

வெந்நீரில் மட்டும் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் மக்னீசியத்துக்குப் பதில் அலுமினியம், துத்தநாகம் கலந்த கம்பி போடலாம். நாற்றம் இல்லை என்றால் மக்னீசியமே நல்லது.

அடுத்தது அடியில் படியும் உப்பு. கடின நீரில் கால்சியம் பைகார்பனேட் கரைந்திருக்கும், சூடேற்றினால் கார்பன் டை ஆக்சைடு பிரிந்து போய் கால்சியம் கார்பனேட்டாக இறுகும். உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் சுண்ணாம்பும் நாள்பட இறுகி அதே பொருளாகத்தான் ஆகியிருக்கிறது. சூடு கூடக் கூடப் படிவதும் கூடும், எனவே தினசரி 50, 52 டிகிரிக்கு மேல் வைக்க வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கீழ் வால்வில் குழாய் மாட்டி, கலங்கல் போய்த் தெளிந்து வரும் வரை பதினைந்து இருபது லிட்டர் இறக்கிவிடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளர வாய்ப்பு உண்டு என்பதால் பதினைந்து நாளுக்கு ஒரு முறை 60 டிகிரிக்கு ஏற்றி இரண்டு மணி நேரம் விட்டுவிட்டு மறுபடியும் குறைத்துவிடுங்கள். அன்றைக்கு மட்டும் அப்பச்சி குழாயை நேராகத் திறக்காமல் வாளியில் கலந்த பிறகு குளிக்கட்டும், 60 டிகிரித் தண்ணீர் சில விநாடியில் தோலைப் பொசுக்கிவிடும்.

கோட்டையூர்_சோலார்:

இவ்வளவு பாடு எதற்கு, நம் ஊர் வெயிலுக்கு சோலார் ஹீட்டர் போட்டால் கரண்ட்டே வேண்டாமே.

சிக்ரி_ஓய்வு:

சோலார் நல்லதுதான், தளம் போட்ட வீடாக இருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன். இது நாட்டு ஓடு வேய்ந்த பழைய கூரை. 200 லிட்டர் தண்ணீரே 200 கிலோ, தொட்டியும் சட்டமும் சேர்ந்தால் இன்னும் கூடும், அதை அந்த மரச் சட்டத்தின் மேல் ஏற்றச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அதோடு ஹீட் பம்ப் சரியாக ஓடினால் செலவு பயப்படும் அளவுக்கு இல்லை. 200 லிட்டரை 28 டிகிரியிலிருந்து 52 டிகிரிக்கு ஏற்ற 5.6 யூனிட் சூடு வேண்டும். எலிமென்ட்டில் அது முழுக்கக் கரண்ட். ஹீட் பம்ப் ஒரு யூனிட் கரண்ட்டுக்கு மூன்று, மூன்றரை யூனிட் சூடு கொடுக்கும் என்றால் 1.6 முதல் 1.9 யூனிட்டில் முடிந்துவிடும். நாளுக்கு ஏறக்குறைய நாலு யூனிட் வித்தியாசம், இரண்டு மாதத்துக்கு 240. தம்பிக்கு 310, 560 ஆனது எங்கே போயிற்று என்று இப்போது புரிகிறதா?

பள்ளத்தூர்_வளவு:

போன வாரம் மூன்று நாள் லீவு போட்டு ஊருக்குப் போய் எல்லாவற்றையும் செய்துவிட்டு வந்தேன், நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் எதையும் தொடாமல் மீட்டரை எண்ணினேன். எங்கள் மீட்டரும் 3,200தான். ஒரு நிமிடத்தில் 112. அதாவது 2,100 வாட். எலிமென்ட் ஓடுகிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

ஃபில்டரைக் கழற்றியபோது அது ஃபில்டர் என்றே தெரியவில்லை, பழுப்பாக ஒரு அட்டை மாதிரி இருந்தது. ஃபின்னில் பாதிக்கு மேல் சுண்ணாம்பும் எண்ணெயும் சேர்ந்து அப்பியிருந்தது. அண்ணன் சொன்னபடி மூன்று முறை சோப்புத் தண்ணீர் தெளித்து மெதுவாகப் பிரஷ் போட்டேன், ஒரு முழுக் காலை ஆனது. ஆத்தா பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள், தன் பலகாரப் புகையால்தான் இப்படி ஆயிற்றோ என்று வருத்தப்பட்டார்கள். அறைக்குள் தள்ளி மூடிவைத்தது நாங்கள்தான், தப்பு எங்களுடையது என்று சொல்லிச் சமாதானம் செய்தேன்.

பிறகு பிளம்பரையும் நாலு ஆட்களையும் கூப்பிட்டு மெஷினைப் பழையபடி கிணற்றுத் தாழ்வாரத்துக்கே கொண்டுவந்தோம், இந்த முறை பலகாரம் போடும் இடத்திலிருந்து பத்தடி தள்ளி. சாரல் படாமல் இருக்க மேலே தகரச் சாய்ப்பு. வெளியே தெரிகிறதே என்று அக்காவுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல், முன்னால் ஒரு மூங்கில் தட்டி நிறுத்திக்கொள்ளலாம், ஆனால் இரண்டடி இடைவெளி விட வேண்டும் என்று பேசி முடித்திருக்கிறோம்.

வியர்வைத் தண்ணீர் ட்யூப், கல் போட்டவர்கள் சிமென்ட்டுக்குள் பாதியைப் புதைத்துவிட்டிருந்தார்கள். புது ட்யூப் போட்டுச் சரிவாக இறக்கியாயிற்று.

ஐயா சொன்ன ஆனோடு ராடுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. வெளியே எடுத்தபோது மேலே நாலு விரல் நீளத்துக்கு மட்டும் ஏதோ பொரிந்த மாதிரி ஒட்டியிருந்தது, மற்றபடி வெறும் கம்பி. மெஷின் வாங்கும்போது இப்படி ஒன்று இருக்கிறது, இத்தனை நாளில் மாற்ற வேண்டும் என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. புதுக் கம்பி 1,400 ரூபாய். அடியிலிருந்து இறக்கிய தண்ணீரில் ஒரு கைப்பிடி வெள்ளைச் செதில்கள் வந்தன.

மாலை நாலு மணிக்கு ஹீட் பம்ப் மட்டும் ஓடும் மோடில் வைத்துப் போட்டேன். மீட்டரில் நிமிடத்துக்கு 31. உள்ளே போகும் காற்று 30 டிகிரி, வெளியே வருவது 22. ஏழேகால் மணிக்கு 52 டிகிரி காட்டி நின்றுவிட்டது. மறுநாள் காலை நாங்கள் ஆறு பேரும் குளித்தோம், கடைசியாகக் குளித்த எனக்கும் சூடாகவே வந்தது. அப்பச்சி அந்த 9,500 ரூபாயை மறுபடியும் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

சந்தேகம் இரண்டு. இனி எத்தனை நாளுக்கு ஒரு முறை ஃபில்டர் கழுவுவது? அப்புறம் ட்யூபில் வரும் தண்ணீர் நாளுக்கு இரண்டு செம்பு சேருகிறது, உப்பே இல்லாத தண்ணீர் என்பதால் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றலாம் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்.

குளிர்_மெக்கானிக்_காரைக்குடி:

ரொம்பச் சந்தோஷம் தம்பி. 30 உள்ளே, 22 வெளியே, நிமிடத்துக்கு 31, இந்த மூன்று எண்ணையும் தேதியோடு ஒரு தாளில் எழுதி மெஷின் மேலேயே ஒட்டி வைத்துவிடுங்கள். அடுத்த வருடம் ஏதாவது குறை என்று யார் வந்தாலும் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம், கை வைத்துப் பார்த்துச் சொல்கிறவரை நம்ப வேண்டியதில்லை.

ஃபில்டர் மாதம் ஒரு முறை. பலகாரம் போடுகிற நாட்களில் வாரம் ஒரு முறை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வெளிச்சம் தெரிய வேண்டும். ஆனோடு கம்பியை உங்கள் தண்ணீருக்கு வருடம் ஒரு முறை பாருங்கள். கரண்ட் போய் வந்தால் மெஷின் மூன்று நிமிடம் சும்மா இருந்துவிட்டுத்தான் கிளம்பும், அது கம்ப்ரஸரின் பாதுகாப்புக்கு, வேலை செய்யவில்லை என்று ஆத்தா ஸ்விட்சைப் போட்டுப் போட்டு அணைக்க வேண்டாம்.

பேட்டரிக்கு அந்தத் தண்ணீர் வேண்டாம். உப்பு இல்லை என்பது சரி, ஆனால் காற்றுத் தூசியும் ஃபின்னிலிருந்து வரும் உலோகத் துணுக்கும் அதில் இருக்கும், பேட்டரித் தகடு கெட்டுப்போகும், கடையில் விற்கும் பேட்டரித் தண்ணீரையே வாங்குங்கள். குடிக்கவும் சமைக்கவும் கூடாது. முற்றத்துத் துளசிக்கு ஊற்றலாம்.

தேவகோட்டை_ஆச்சி:

நல்ல செய்தி தம்பி. மாடியில் கை ஷவர் மாட்டினால் மட்டும் சுவரில் இருக்கும் இரண்டு திருகையும் மூடச் சொல்லிப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். அப்பச்சி முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது?

பள்ளத்தூர்_வளவு:

பரவாயில்லை ஆச்சி. காலையில் வெந்நீரில் குளித்த பிறகு நாலு வீடு தள்ளி நடந்து போய் வருகிறாராம், ஆத்தா போனில் சொன்னார்கள். ஃபில்டர் கழுவும் தேதியை நாள்காட்டியில் குறித்து வைத்திருப்பதும் அவர்தான்.